வீடு தேடி வந்த கொயர்

மூன்றாம் சரணத்தின் நடுவில் பொன்னுலிங்கத்தின் டெம்போ வந்து நின்றது. முதலில் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கின. பிறகு ஒரு தார்ப்பாய். அதற்கும் பிறகு, நான்கு பேர் முக்கி முனகிப் பிடிக்க, ஃப்ரீசர் பெட்டி இறங்கியது.

செல்வதாஸ் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர். அதனால் அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று ஆல்டோ குரலில் பாடிக்கொண்டிருந்த அவர் மனைவி லீலாபாய் பார்த்துவிட்டாள். அவள் குரல் லேசாக ஆடியது. செல்வதாஸ் கண்ணைத் திறக்காமலே முறைத்தார்.

"இஞ்ச பாருங்க, பெட்டி வருது" என்றாள் லீலாபாய், பாட்டுக்கு நடுவே.

"பாட்டு முடியட்டும்."

"பெட்டி நடையில ஏறுது!"

செல்வதாஸ் கண்ணைத் திறந்தார். அவர்கள் நின்றது ஏசுவடியான் என்ற பெரியவரின் வீட்டு முற்றம். செல்வதாஸ் நடத்தும் பாடகர் குழுவில் ஏழு பேர். அதாவது, இருந்த எல்லாரும் வந்திருந்தார்கள். அந்த ஏழு பேரையும் சுற்றி இப்போது ஒரு ஐம்பது பேர் நின்றார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார்கள். ஆண்கள் கையைக் கட்டித் தலை குனிந்திருந்தார்கள். தன் பாட்டுக்கு இவ்வளவு பக்தியா என்று செல்வதாஸுக்கு ஒரு நொடி உடம்பு புல்லரித்தது. அடுத்த நொடி பெட்டி அவர் முழங்காலில் இடித்தது.

"வேய் பொன்னுலிங்கம், என்னவே இது?"

"பெட்டி சார்." பொன்னுலிங்கம் ஊரில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். நெற்றியில் அய்யாவழி நாமமும் நெஞ்சில் நிறைய இரக்கமும் உள்ள மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "பெரியவரு எப்பம் சார் மரிச்சாரு? ராத்திரியா, காலம்பறயா?"

"ஆருடே மரிச்சது?" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பழைய சோறு பிசைந்த கையோடு ஏசுவடியான் வாசலுக்கு வந்து நின்றார்.

பொன்னுலிங்கம் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். முப்பது வருடத் தொழிலில் அவரிடம் இந்தக் கேள்வியை இப்படி யாரும் கேட்டதில்லை.

"நீங்கன்னுதான் சொன்னாவ" என்றார் மரியாதையாக.

நெல்லிக்காவிளையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. கல்யாணத்துக்குப் பாடகர் குழு, அதாவது கொயர், ஆலயத்தில் பாடும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தால் டிரம்மும் தாடி வைத்த தாத்தாவும் கூடவே வருவார்கள். மற்றபடி வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையும் கறுப்பு அட்டைப் பாட்டுப் புத்தகமுமாக ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொயர் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கிறது என்றால், அந்த வீட்டில் பெட்டிக்குள் ஒருவர் படுத்திருக்க வேண்டும். செல்வதாஸே அப்படி முந்நூறு வீடுகளில் நின்று பாடியவர்தான். இருந்தும் அவருக்கு அது தோன்றவில்லை. நாற்பத்தைந்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற மனிதருக்கு எதிரே நிற்பவர்களின் முகம் எப்படித் தெரியும்?

வேறு வழியும் இருக்கவில்லை அவருக்கு. சபைக் கமிட்டியின் செயலாளர் ஷாஜன், குவைத்தில் பன்னிரண்டு வருடம் இருந்து திரும்பியவன், போன மாதம் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்.

"மாமா, வருத்தப்படக் கூடாது. ஆல்டர் பக்கத்துல கொயருக்குன்னு நாலு பெஞ்சு கெடக்கு. இருவத்தஞ்சு பேரு இருக்க எடம். இருக்கது ஏழு பேரு. நம்ம சபைப் பையன் ஜெனினுக்க பேண்டு டிரம்ஸ் வைக்க எடமில்லாம வாசல்ல நின்னு அடிக்கானுவ. குருத்தோலை ஞாயிறுக்குள்ள இருவது பேர சேருங்க. இல்லன்னா அந்த பெஞ்ச அவனுவளுக்கு விட்டுக் குடுத்திருங்க."

"இருவது பேருக்கு நான் எங்கடே போவேன்? பாடத் தெரிஞ்சவனெல்லாம் கல்ஃப்ல கெடக்கான்."

"நாமதான் ஆளுவள தேடிப் போகணும் மாமா. அவுட்ரீச் வேணும், அவுட்ரீச்! குவைத்துல எங்க சர்ச்சுல அப்பிடித்தான்."

அந்த நான்கு பெஞ்சில் முதல் பெஞ்சின் ஓரத்தில் செல்வதாஸ் பதினாறு வயதில் வந்து உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்துதான், பின் வரிசையிலிருந்து வந்த ஓர் ஆல்டோ குரலைக் கேட்டு, யாரென்று திரும்பிப் பார்க்க முடியாமல் ஒரு முழு ஆராதனையும் தவித்தார். அந்தக் குரலைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். பெஞ்சு போய்விடும் என்று ஷாஜன் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆனபடியால், மறுநாள் காலையில் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. ஜனங்கள் தபாலாபீசுக்கு வரமாட்டேன் என்றால் தபால் அவர்கள் வாசலுக்குப் போகவேண்டும். பாட்டும் அப்படியே. வீட்டு வாசலில் போய் நின்று பாடினால் கேட்கிறவனுக்கு ஆசை வரும். ஆசை வந்தால் சேருவான். இப்படித்தான் ஏழு பேரும் ஏசுவடியான் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பொன்னுலிங்கத்தைச் சமாதானம் சொல்லி அனுப்பியாகிவிட்டது. கூட்டம் கலைந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டு சொர்ணம்மாள், முதல் வரி காதில் விழுந்ததுமே, நல்ல மனசோடு, மஸ்கட்டில் இருக்கும் ஏசுவடியானின் மகன் வினோஜுக்குப் போன் போட்டிருந்தாள்.

"மக்கா, மனச தைரியமா வச்சுக்கோ" என்று தொடங்கியவள் மேற்கொண்டு பேச முடியாமல் அழுதுவிட்டாள். அவள் சொல்லாததைப் பின்னால் கேட்ட கொயர் சொல்லிவிட்டது. வினோஜ் போனை அணைத்துவிட்டு நேராக விமான நிலையத்துக்குப் போனான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, சிவந்த கண்ணோடு டாக்சியிலிருந்து இறங்கி, "அப்பா!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். அப்பா கிழங்கும் மீன்குழம்பும் தின்றுகொண்டிருந்தார்.

"வாடே. நீ வருதேன்னு சொல்லவே இல்லியே" என்றார்.

ஆராதனை முடிந்த கையோடு வினோஜ் செல்வதாஸின் வீட்டில் இருந்தான்.

"மாமா, எனக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கதான் லீவு. அத நீங்க ஒத்த பாட்டுல பாடித் தீத்துட்டிய."

"மக்கா, நாங்க நல்லதுக்குத்தான்..."

"இனி அப்பாவுக்கு என்னவும் ஆச்சுன்னு எவன் போன் பண்ணுனாலும் நான் நம்பமாட்டேன். வரவும் மாட்டேன். இத அவருகிட்டயும் சொல்லியாச்சு."

அவன் போனபிறகு லீலாபாய் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"வெள்ளதான் குத்தம். இனி கலரு உடுப்போம். பாட்டும் சந்தோசப் பாட்டா எடுப்போம். ஒரு தட்டுல பழமும் லட்டும் கொண்டு போவோம். சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு எவளாவது லட்டு கொண்டு போவாளா?"

இதில் தப்பு கண்டுபிடிக்கச் செல்வதாஸால் முடியவில்லை. உங்களாலும் முடியாது. அடுத்த சனிக்கிழமை பெண்கள் பட்டுச் சேலை கட்டினார்கள். ஆண்கள் கலர் சட்டை போட்டார்கள். ஆட்டோ ஓட்டுகிற சிஜோ, குழுவில் இருப்பதிலேயே இளையவன், கூலிங் கிளாஸும் வைத்துக்கொண்டான். லீலாபாய் ஆப்பிளும் லட்டும் அடுக்கிய தட்டைப் பிடித்து முன்னால் நடந்தாள். போனது ரோஸ்லெட் என்ற விதவையின் வீட்டுக்கு. பெங்களூரில் நர்சாக இருக்கும் அவள் மகள் ரெனிஷா லீவில் வந்திருந்தாள். அம்மாவும் மகளும் திகைத்து நிற்க, ஏழு பேரும் கைதட்டி மூன்று மகிழ்ச்சிப் பாட்டு பாடினார்கள். தட்டைக் கொடுத்தார்கள். ரெனிஷாவின் தலையில் கைவைத்து வாழ்த்தினார்கள். யாரும் அழவில்லை. பெட்டி வரவில்லை. செல்வதாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு ரோஸ்லெட் தட்டும் கையுமாக வந்தாள். லட்டு ஒன்றுகூடக் குறையவில்லை.

"எனக்க மவளுக்கு எவன்கூட சார் நிச்சயம் பண்ணுனிய?"

"நிச்சயமா?"

"கோட்டாத்துல ஒரு எடம் பேசி, வாற வியாழன் அவிய வாறதா இருந்தது. பையனுக்க சித்தி நம்ம தெருவுலதான் இருக்கா. பட்டுச் சேலையும் பழத்தட்டும் பாட்டுமா நீங்க வந்து ஏறினத பாத்துட்டு உடனே அங்க போனப் போட்டுட்டா. வேற எடத்துல நிச்சயம் பண்ணுன பெண்ணு எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாவ. அது மட்டுமில்ல, தக்கலையில இருந்து எனக்க அண்ணன் வந்து வாசல்ல நிக்கான். தாய்மாமன் நான் உயிரோட இருக்கும்ப எனக்குச் சொல்லாம நிச்சயமான்னு சாடுதான்."

ஒரு பெண்ணின் கல்யாணம் தன்னால் கெட்டுப்போவதைச் செல்வதாஸ் பொறுத்துக்கொள்கிற ஆள் இல்லை. "நான் போயி நேர்ல சொல்லுதேன் ரோஸ்லெட்" என்றார். "நான் ஒருத்தன் சொன்னா நம்பமாட்டாவ. கொயர் மொத்தமும் சாட்சிக்கு வரும்."

"வேண்டாம் சார்" என்றாள் ரோஸ்லெட். அவள் பேச்சை அன்று கேட்டிருக்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கூட்டம் கலைவதற்குள் கிளம்பினால்தான் கோட்டாற்றில் ஆள் வீட்டில் இருப்பார்கள் என்று, அப்படியே சிஜோவின் ஆட்டோவில் மூன்றும் பஸ்ஸில் நான்குமாகப் போய் இறங்கினார்கள். அப்படியே என்றால், அப்படியே. வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புப் புத்தகம். போதாததற்கு, ஒரு குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களின் தொங்கிய முகம்.

கோட்டாறு நெருக்கமான தெரு. பையன் வீட்டு அழைப்பு மணியைச் செல்வதாஸ் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பின்னால் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். முக்குப் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மாலை எத்தன வேணும்?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அய்யோ, நேத்துகூட அண்ணாச்சிய மார்க்கெட்டுல பாத்தேனே" என்று உள்ளே பாய்ந்தார். அண்ணாச்சி, அதாவது பையனின் அப்பா, குளித்துக்கொண்டிருந்தவர், இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார்.

"ஆரு நீங்க?"

"நாங்க நெல்லிக்காவிளை கொயர்."

"கொயருக்கு இஞ்ச என்ன சோலி?"

தாங்கள் கொயர்தான், பெண்ணை நிச்சயம் பண்ணிய வேறு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இல்லை என்று நிரூபிக்கச் செல்வதாஸுக்கு ஒரே வழிதான் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். ஏழு பேரும் பாடினார்கள். அவசரத்தில் வாய்க்கு வந்தது பழக்கப்பட்ட பாட்டு. முந்நூறு வீட்டில் பாடிய பாட்டு. இரண்டாம் சரணத்துக்குள் பையனின் அம்மா உள்ளே மயங்கி விழுந்தாள்.

அந்தச் சம்பந்தம் இரண்டாவது தடவையாக முறிந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் பதினைந்து நாள். ஒரு ஆள்கூடச் சேரவில்லை. சேர்வது கிடக்கட்டும், ரோட்டில் எதிரே வருகிறவர்கள் செல்வதாஸைக் கண்டதும் இரும ஆரம்பித்தார்கள், தொண்டை சரியில்லை என்று காட்ட. ஷாஜனுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"மாமா, ஆளுவ பயப்படுதது ஏன்? முன்கூட்டியே தெரியாததுனால. ஒரு அறிவிப்பு குடுங்க. எந்த வீட்டுக்கு எப்பம் வருதோம்னு வாட்சப்புல போட்டிருங்க."

இது போஸ்ட்மாஸ்டர் வேலை. செல்வதாஸ் இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்தார். சபையில் உள்ள எண்பத்து நான்கு வீடுகளுக்கும் குடும்பத் தலைவர் பெயர், தேதி, மணி. கொயரில் ஏற்கெனவே ஆள் உள்ள வீடு தவிர ஒன்றுக்கும் விலக்கு இல்லை. மேலே தடித்த எழுத்தில், "பாடகர் குழு வீடு வீடாக வந்து பாடும். யாரும் இறக்கவில்லை. பதற்றம் வேண்டாம்" என்று போட்டார். சபைக் குரூப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அதை அடுத்த ஊருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பியவர்கள் மேலே இருந்த இரண்டு வரியை வெட்டிவிட்டார்கள். வெறும் பட்டியல்தான் சுற்றியது. பெயர், தேதி, மணி. கீழே "நெல்லிக்காவிளை பாடகர் குழு."

காலை ஆறரைக்குத் துபாயிலிருந்து முதல் போன் வந்தது.

"மாமா, அம்மாக்க பேரு புதன்கிழமை பத்தரைன்னு போட்டிருக்கே. டாக்டர் சொல்லிட்டாரா?"

"மக்கா, அது அப்பிடி இல்ல..."

"செவ்வாய்க்கிழமைக்குள்ள வந்தா பேச முடியுமா மாமா? ஒண்ணு சொல்லுங்க!"

ஒன்பது மணி வரை குவைத், தோஹா, சவுதி. ஒன்பதரைக்குப் பொன்னுலிங்கம் வந்தார். கையில் பட்டியல், பேனாவால் அடையாளம் போட்டு வைத்திருந்தார்.

"சார், தப்பா நெனைக்கப்படாது. புதன்கிழமை ஒரே நாள்ல அஞ்சு வீடு போட்டிருக்கிய. எங்கிட்ட பெட்டி ரெண்டுதான் இருக்கு. மூணு பேர வியாழனுக்கு மாத்த முடியுமா?"

செல்வதாஸ் அவரை உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாக விளக்கினார். பொன்னுலிங்கம் கேட்டு முடித்து, தலையை ஆட்டினார்.

"அப்பம் பெட்டி வேண்டாம். நாற்காலி மட்டும் போதும், இல்லியா?"

புதன்கிழமை வந்தது. முதல் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் பெரிய பூட்டு. உள்ளே குக்கர் விசிலடித்தது. இரண்டாவது விசில் பாதியில் நின்றது. யாரோ பதறிப்போய் அடுப்பை அணைத்திருக்கவேண்டும்.

"ஆளு உள்ளதான் இருக்காவ" என்றாள் லீலாபாய்.

"இருந்தா கேக்கட்டும்" என்றார் செல்வதாஸ். கதவு பூட்டியிருந்தால் இடுக்கு வழியாகத் தபாலைப் போட்டுவிட்டு வருவதுதான் முறை. பூட்டைப் பார்த்து நான்கு சரணமும் பாடினார்கள். இரண்டாவது வீட்டிலும் பூட்டு. மூன்றாவது வீட்டுக்காரர் பூட்ட நேரமில்லாமல் கொல்லைப்புறம் வாழைக்குள் ஓடினார். வெள்ளைச் சட்டை வாழை இலைகளுக்கு நடுவே நன்றாகத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு எட்டும் இடமாகப் பார்த்து நின்று அவருக்கும் பாடினார்கள். மீதி இரண்டு வீட்டையும் விடவில்லை, மழையிலும் போனார்கள்.

வியாழன் ஐந்து வீடு. ஐந்தும் பூட்டு. ஐந்து இடத்திலும் பாடினார்கள். திரும்பி வரும்போது செல்வதாஸின் குரல் கட்டிவிட்டது. வழியில் பாலத்துக் கல்லில் உட்கார்ந்தார். லீலாபாயும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போதும். பெஞ்ச குடுத்திரலாம்" என்றாள் மெதுவாக.

"ஆளே இல்லாத வீட்டுக்கும் பாடியாச்சு லீலா. இனி எங்க போறது?"

"உங்களுக்கு அந்த பெஞ்சு போனா என்ன? நான் வீட்டுல பக்கத்துல இருந்து பாடமாட்டனா?"

அவர் வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாள் எடுத்து, சபைக் கமிட்டிக்கு ஒரு விலகல் கடிதம் எழுதினார். நாற்பத்தைந்து வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருப்பது சுலபமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. கடைசிப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, ஆலயத்தின் பக்கத்து ஹாலுக்கு நடந்தார். வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு கிடக்கவேண்டிய இடத்தில் கால் வைக்க இடமில்லை.

துட்டி ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அவருக்கும் முதலில் தோன்றியது. உள்ளே எட்டிப் பார்த்தார். ஹால் நிறைய ஜனம். சிஜோ நடுவில் உட்கார்ந்து நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

"மாமா, முப்பத்தி நாலு பேரு!" என்று கத்தினான். "நம்ம ஏழும் சேத்து நாப்பத்தி ஒண்ணு! இன்னும் வருதாவ!"

செல்வதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஏசுவடியான், மடியில் புத்தம்புதுப் பாட்டுப் புத்தகத்தோடு இருந்தார்.

"பெரியவரே, நீங்களா?"

"அன்னைக்கு நீங்க பாடுனது மனசுல நின்னுட்டுடே" என்றார் ஏசுவடியான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

ரோஸ்லெட் வந்திருந்தாள். மகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சம்பந்தம் முறிந்த பிறகு கொயர் இருக்கும் பக்கமே அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்த செல்வதாஸ் அவள் அருகே போனார்.

"ரோஸ்லெட், எனக்கு உன்னய நேருக்கு நேரா பாக்கவே கூச்சமா இருக்கு."

"போனது போகட்டு சார். என்னய எங்கயாவது எழுதிக்கிடுங்க. மவளையும் எழுதிக்கிடுங்க. அவ பெங்களூருக்குப் போனாலும் பேரு இருக்கட்டும்."

வாழைக்குள் ஓடியவர் வந்திருந்தார். குக்கர் வீட்டிலிருந்து மூன்று பேர். ஜெனினின் பேண்டில் டிரம் அடிக்கிற பையன்கூடப் பெயர் கொடுத்திருந்தான். அவன் வீடு நாளைக் காலைப் பட்டியலில் இருந்தது. மூலையில் போதகரின் மனைவி. இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த ஷாஜன், பேனாவை வாங்கி, யாரும் கேட்காமலே தன் பெயரையும் எழுதினான்.

"மாமா, அவுட்ரீச்சுன்னா இதான்" என்றான். "பெஞ்சுக்க காரியத்த நான் பாத்துக்கிடுதேன். நாலு போதாது, ஆறு போடணும்."

செல்வதாஸ் அழுதுவிட்டார். எல்லார் முன்னாலும், மறைக்காமல், குழந்தை மாதிரி அழுதார். வாசல் வாசலாகப் பாடியதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. பூட்டிய கதவுக்குள்ளும் பாட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. லீலாபாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை அவளே எடுத்து நாலாகக் கிழித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது ஆட்களுக்கு ஒரு ஸ்வரம் கொடுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து பேரும் முப்பத்தைந்து விதமாக அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. செல்வதாஸ் அதற்காகவும் கர்த்தருக்கு நன்றி சொன்னார். பாடத் தெரியாதவர்களைக்கூடப் பாட்டு இழுத்து வந்திருக்கிறதே!

உட்கார இடம் போதவில்லை. சிஜோ போன் செய்ய, பத்து நிமிடத்தில் பொன்னுலிங்கத்தின் டெம்போ வந்தது. ஐம்பது நாற்காலிகளையும் அவரே தூக்கி வரிசையாகப் போட்டார். வாடகை என்ன என்று கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டார்.

"கோயில் காரியம் சார். இருக்கட்டும்."

செல்வதாஸுக்கு மனம் நிறைந்து வழிந்தது. மற்ற மதத்து மனிதர், தன்னால் வீணாகப் பெட்டி ஏற்றி இறக்கியவர், ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. இவருக்கு நன்றி சொல்லாமல் விடுவதா?

"பொன்னுலிங்கம்" என்று அவர் தோளைத் தொட்டார். "இனி நம்ம கொயரு சபைக்கு மட்டும் உள்ளதில்ல. ஊருக்கே உள்ளது. அதுக்கு ஆரம்பமா, நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு நாங்க நாப்பத்தி ரெண்டு பேரும் நேரா உம்ம வீட்டு முற்றத்துக்கு வந்து நாலு பாட்டு பாடுதோம்."

பொன்னுலிங்கத்தின் கையிலிருந்த நாற்காலி கீழே விழுந்தது. நெற்றி வியர்த்தது. சுற்றிலும் பார்த்தார். பிறகு சிஜோவிடம் குனிந்து, "தம்பி, எனக்க பேரையும் அதுல எழுது. சீக்கிரம் எழுது" என்றார்.

"நீருமா? உமக்குப் பாட வருமா வேய்?" என்றார் செல்வதாஸ், ஆனந்தத்தில் குரல் உடைய.

பொன்னுலிங்கம் நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வராது சார். கொயர்ல பேரு குடுத்தவன் வீட்டுக்குக் கொயரு பாட வராதுன்னுதானே இவிய எல்லாரும் வந்து எழுதியிருக்காவ!"